அலைன்மென்ட்டும் சத்தியங்களும்: புதிய ஆட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஃபேண்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் விவரத் தாளில்) மிக வேகமாக நிரப்பிவிடும் கட்டம் அலைன்மென்ட், அதாவது கதாபாத்திரம் அறத்திலும் ஒழுங்கிலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற குறிப்பு. 'லாஃபுல் குட்' (ஒழுங்கு சார்ந்த நல்லவர்) என்றோ 'கேயாட்டிக் நியூட்ரல்' (கட்டற்ற நடுநிலையாளர்) என்றோ இரண்டு சொற்களை எழுதிவிட்டு ஆயுதப் பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்டம் சூடுபிடித்த பிறகு ஒரு கைதியைக் கொல்வதா விடுவதா என்ற கேள்வி வரும். அப்போது அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நண்பர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. அலைன்மென்ட்டைக் கடைசியாக நிரப்புங்கள். உங்கள் கதாபாத்திரம் எதைச் செய்ய மறுக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மறுப்பால் வரும் இழப்பை யார் சுமப்பார் என்பதையும் கூடவே யோசியுங்கள். சுமப்பது உங்கள் கதாபாத்திரம் என்றால் அது நல்ல ஆட்டத்துக்கு வித்து. கூட ஆடும் மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும் என்றால் அது சண்டைக்கு வித்து. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் நகர்கின்றன.

முதல் படி: எந்த விதிநூல் என்று கேளுங்கள்

அலைன்மென்ட் என்றால் என்ன என்று பத்து ஆட்டக்காரர்களைக் கேட்டால் பத்து பதில் கிடைக்கும். அவர்கள் குழம்பிப்போனவர்கள் அல்லர். வெவ்வேறு பதிப்புகளில் ஆடிப் பழகியவர்கள்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் உருவாக்கிய முதல் பதிப்பில் மூன்றே பிரிவுகள் இருந்தன: லா (ஒழுங்கு), நியூட்ராலிட்டி (நடுநிலை), கேயாஸ் (குழப்பம்). நல்லது, தீயது என்ற தனி அளவுகோல் அதில் கிடையாது. ஒழுங்கின் சக்தியும் குழப்பத்தின் சக்தியும் உலகத்துக்காகப் போரிடுகின்றன, நீ எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கதைகளில் வேர்விட்ட எண்ணம் அது. அந்தக் கணக்கில் அலைன்மென்ட் என்பது ஏறக்குறைய ஒரு படையின் கொடி.

1977இல் வந்த பேசிக் தொகுப்பில் பிரிவுகள் ஐந்தாயின. 1978இல் வெளியான அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்பது கட்டங்கள் நிலைபெற்றன. ஒரு பக்கம் லாஃபுல், நியூட்ரல், கேயாட்டிக். இன்னொரு பக்கம் குட், நியூட்ரல், ஈவில். அந்தப் பதிப்பில் ஒவ்வோர் அலைன்மென்ட்டுக்கும் ஒரு ரகசிய மொழிகூட இருந்தது. அலைன்மென்ட் மாறியவர் பழைய மொழியை இழந்துவிடுவார். கூடவே அனுபவத்தில் ஒரு நிலையையும் இழப்பார். கொடியாக இருந்தது அங்கே குணமாகவும் கடமையாகவும் மாறியது. ஆனால் பழைய கொடியின் சாயல் முழுதாகப் போய்விடவில்லை.

2008இல் வந்த நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகச் சுருக்கியது: லாஃபுல் குட், குட், அன்அலைன்டு (எந்தப் பக்கமும் சாராதவர்), ஈவில், கேயாட்டிக் ஈவில். 2014இல் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அவற்றோடு இணைந்திருந்த கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டது. இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. 2023இல் தொடங்கிய அதன் ரீமாஸ்டர் (திருத்திய பதிப்பு) நூல்களில் அலைன்மென்ட்டே கிடையாது.

ஆகவே ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "இந்த ஆட்டத்தில் அலைன்மென்ட் என்பது பக்கமா, குணமா, கட்டுப்பாடா?" அவருக்கே தெளிவாகத் தெரியாவிட்டால், கேள்வி கேட்ட நீங்கள் அவருக்கும் ஓர் உதவி செய்திருக்கிறீர்கள்.

இரண்டாம் படி: இரண்டு அளவுகோல்களையும் தனித்தனியாகப் பாருங்கள்

குட், ஈவில் என்ற அளவுகோலைப் பலரும் இனிமையான குணம், கடுமையான குணம் என்று புரிந்துகொள்கிறார்கள். கடுகடுவென்று பேசுபவர் குட் ஆக இருக்கலாம். தேன் ஒழுகப் பேசுபவர் ஈவில் ஆக இருக்கலாம். கேட்க வேண்டியது வேறு. தன் நன்மைக்காகப் பிறரை வதைக்கத் தயங்காதவரா? பிறர் நன்மைக்காகத் தன் உடலையோ பொருளையோ இழக்கத் துணிபவரா? முதலாமவர் ஈவில், இரண்டாமவர் குட். இரண்டுக்கும் நடுவில், யாரையும் வதைக்க மனமில்லாத, ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்காக உயிரைப் பணயம் வைக்கவும் மாட்டாத பெருங்கூட்டம் நியூட்ரல்.

லாஃபுல், கேயாட்டிக் என்ற அளவுகோல் இதைவிட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. லாஃபுல் என்றால் நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிபவர் என்று பொருளல்ல. கொடுங்கோலன் ஆளும் நகரத்துக்குள் நுழைந்த உடனே லாஃபுல் குட் கதாபாத்திரம் அவன் ஆணைகளுக்குத் தலைவணங்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும்போது ஒருவர் எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்பதே இந்த அளவுகோல். கொடுத்த வாக்கு, ஏற்றுக்கொண்ட மரபு, சேர்ந்த அமைப்பின் விதி ஆகியவற்றைப் பார்ப்பவர் லாஃபுல். அந்த நேரத்தில் தன் மனம் சொல்வதை மட்டும் பார்ப்பவர் கேயாட்டிக்.

இரண்டு அளவுகோல்களும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைக் காண நமக்குத் தெரிந்த அண்ணன் தம்பிகளே போதும். இராவணன் செய்தது தவறு என்று கும்பகர்ணனுக்கும் தெரியும், வீடணனுக்கும் தெரியும். இருவரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். பிறகு வீடணன் உறவை உதறி அறத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தான். கும்பகர்ணன் செஞ்சோற்றுக் கடனை நினைத்து, தோற்கப் போவது தெரிந்தும் களத்துக்குப் போனான். நன்மை எது என்பதில் இருவருக்கும் ஒரே தீர்ப்பு. பிணைப்பு எது என்பதில் எதிரெதிர் தீர்ப்பு. லாஃபுல், கேயாட்டிக் அளவுகோல் அளப்பது அந்த இரண்டாவது தீர்ப்பைத்தான்.

கேயாட்டிக் நியூட்ரல் பற்றி ஓர் எச்சரிக்கை. புதியவர்களை இந்தக் கட்டம் காந்தம்போல் இழுக்கிறது. 'எனக்கு எதுவும் தடையில்லை' என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டு, பேச்சுவார்த்தையின் நடுவே அரசனை அறைவது, கூட்டாளியின் பையிலேயே திருடுவது என்று இறங்கிவிடுகிறார்கள். சுதந்திரத்தை உயிராக நினைக்கும் ஒருவருக்கும் நண்பர்கள் உண்டு, நோக்கம் உண்டு, நாளையைப் பற்றிய கவலை உண்டு. அவை எதுவுமே இல்லாத கதாபாத்திரத்தோடு எந்தக் குழுவும் இரண்டாவது நாள் பயணம் போகாது.

மூன்றாம் படி: கட்டத்தை நிரப்பும் முன் மூன்று வாக்கியங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். என் கதாபாத்திரம் எதைச் செய்யவே மாட்டார்? யாருக்காக அல்லது எதற்காக அந்த வரம்பையும் மீறுவார்? மீறிய பிறகு என்ன செய்வார்?

எயினி என்று ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டை வாயிலில் காவலாளியாக இருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவள். முதல் வாக்கியம்: சரணடைந்தவர்மீது ஆயுதம் ஓங்க மாட்டாள். இரண்டாவது: தம்பியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எந்தச் சத்தியத்தையும் உடைப்பாள். மூன்றாவது: உடைத்தால் ஓடி ஒளிய மாட்டாள், யாருக்குச் சத்தியம் செய்தாளோ அவர் முன்னே போய் நின்று சொல்லிவிடுவாள்.

இப்போது அவளுடைய அலைன்மென்ட் தானாகவே புலப்படுகிறது. எதிரியின் உயிரையும் மதிக்கிறாள், ஆகவே குட். வாக்கு அவளுக்கு முக்கியம், ஆனால் எல்லாவற்றுக்கும் மேலானதல்ல. ஆகவே நியூட்ரல் குட். தம்பிக்காகக்கூட வாக்கை உடைக்க மாட்டாள் என்று எழுதியிருந்தால் லாஃபுல் குட். மூன்றாவது வாக்கியத்தை நீக்கிவிட்டு 'உடைத்ததை நினைத்து வருந்தவே மாட்டாள்' என்று எழுதினால் கேயாட்டிக் பக்கம் சாய்கிறாள்.

மூன்றில் இரண்டாவது வாக்கியம்தான் ஆட்டத்துக்கு அதிகமாகத் தீனி போடும். டன்ஜன் மாஸ்டர் அதைப் படித்ததுமே தம்பியைக் கதைக்குள் கொண்டுவர வழி தேடுவார். முதல் வாக்கியம் மட்டும் இருக்கும் கதாபாத்திரம் கல்தூண். வரம்பும், அதை மீறத் தூண்டும் காரணமும் இரண்டும் இருக்கும்போதுதான் அது மனிதராகிறது. அதனால் இரண்டாவது வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 'எதற்காகவும் மீற மாட்டார்' என்று எழுதினால் அதற்கும் ஒரு காரணம் எழுதுங்கள்.

நான்காம் படி: வகுப்புக்குரிய கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதாபாத்திரத்தின் தொழிலை இந்த விளையாட்டுகளில் வகுப்பு என்பார்கள். பழைய பதிப்புகளில் பல வகுப்புகளின் வாசலில் அலைன்மென்ட் காவல் நின்றது. 1978 பதிப்பில் பாலடின் (புனித வீரர்) லாஃபுல் குட் ஆக மட்டுமே இருக்க முடியும். மனிதராகவும் இருக்க வேண்டும். கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) மதிப்பு குறைந்தது 17 வேண்டும். ட்ரூயிட் (இயற்கையைப் போற்றும் பூசாரி) முழு நியூட்ரல். ரேஞ்சர் (காட்டு வீரர்) ஏதேனும் ஒரு வகை குட். மங்க் (வெறுங்கையால் போரிடும் துறவி) லாஃபுல். அசாசின் (மறைந்திருந்து கொல்பவர்) ஈவில்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இவற்றைச் சற்றுத் தளர்த்தியது. பாலடின் பழையபடியே. மங்க் லாஃபுல் ஆக இருக்க வேண்டும். பார்பேரியனும் (வெறியேறிப் போரிடுபவர்) பார்டும் (பாணர்) லாஃபுல் ஆக இருக்கக் கூடாது. ட்ரூயிட்டின் இரண்டு அளவுகோல்களில் ஒன்றாவது நியூட்ரல் ஆக இருக்க வேண்டும். கிளெரிக்கின் (தெய்வத்தின் பூசாரி) அலைன்மென்ட் அவர் வழிபடும் தெய்வத்தின் அலைன்மென்ட்டிலிருந்து ஒரு கட்டத்துக்கு மேல் விலகக் கூடாது.

இந்தப் பதிப்பில் மீறலுக்கு வரும் விளைவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. லாஃபுல் ஆகிவிட்ட பார்பேரியனுக்கு வெறி ஏறாது. அவருடைய மையமான சக்தியே போய்விட்டது. லாஃபுல் நிலையை இழந்த மங்க்குக்கோ கற்ற வித்தை எல்லாம் கையில் இருக்கும். மேற்கொண்டு மங்க் வழியில் வளர மட்டும் முடியாது. தண்டனையின் அளவு ஒன்றல்ல. ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் 'விதியை மீறினால் நான் எதை இழப்பேன்?' என்ற பத்தியை விதிநூலில் தேடிப் படித்துவிடுங்கள்.

அலைன்மென்ட் சாராத கட்டுப்பாடுகளும் உண்டு. பழைய பதிப்புகளில் கிளெரிக் கூர்முனை ஆயுதம் ஏந்தக் கூடாது. கதாயுதம், சம்மட்டி போன்றவை மட்டுமே. மந்திரவாதி கவசம் அணியக் கூடாது. ட்ரூயிட் உலோகக் கவசம் அணியக் கூடாது. மூன்றாம் பதிப்பில் அணிந்தால் கழற்றிய பிறகும் 24 மணி நேரத்துக்கு மந்திரம் வராது. இனத்தை வைத்து வந்த தடைகளும் இருந்தன. 2000க்கு முன் ட்வார்ஃப் (குள்ளர் இனத்தவர்) ஒருவர் மந்திரவாதியாக முடியாது. எல்ஃப் போன்ற மனிதரல்லாத பிற இனத்தவர்கள் பல வகுப்புகளில் ஒரு நிலைக்கு மேல் உயரவே முடியாது. மூன்றாம் பதிப்பு அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டது. திறந்தது சரியே என்பது என் உறுதியான எண்ணம். பிறப்பால் வரும் தடையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆகவே அதில் நாடகமும் இல்லை. சத்தியத்தால் வரும் தடையைக் கதாபாத்திரமே தேர்ந்தெடுக்கிறது. எல்லா நாடகமும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

ஐந்தாம் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்றால் இந்த அலைன்மென்ட் காவல்கள் இல்லை. பாலடின் எந்த அலைன்மென்ட்டாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றாம் நிலையில் ஒரு சத்தியம் எடுக்க வேண்டும். டிவோஷன் சத்தியம் நேர்மை, துணிவு, கருணை, மானம், கடமை ஆகியவற்றைக் கேட்கிறது. வெஞ்சன்ஸ் சத்தியமோ பெருந்தீமையை எதிர்த்துப் போரிடு, தீயவருக்கு இரக்கம் காட்டாதே, அதற்காக எந்த வழியையும் கையாளு என்கிறது. இரண்டு பாலடின்களும் ஒரே அறையில் ஒரே கைதியின் முன் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இருவரும் தம் சத்தியத்துக்கு உண்மையாகவே நடப்பார்கள், இருவரும் வேறு வேறு முடிவுக்கு வருவார்கள்.

இன்னொரு சிறு மாற்றமும் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கிறது. மூன்றாம் பதிப்பின் பாலடின் எதிரே நிற்பவர் ஈவிலா என்று நினைத்த போதெல்லாம் சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பில் அதே போன்ற பெயருடைய மந்திரம் அருகில் பேய், பிசாசு, தேவதூதர் போன்ற அமானுஷ்ய உயிர்கள் இருப்பதை மட்டும் சொல்லும். வியாபாரி நல்லவரா கெட்டவரா என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது. அவரோடு பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: சத்தியத்தை ஆடக்கூடிய சொற்களில் எழுதுங்கள்

இதுதான் மிகவும் முக்கியமான படி. அவசரப்படாமல் செய்யுங்கள்.

'அப்பாவிகளைக் காப்பேன்' என்பது அழகான சத்தியம். ஆனால் ஆட்டத்தில் பயன்படாத சத்தியம். யார் அப்பாவி? எந்த ஆபத்திலிருந்து? எவ்வளவு தூரம்? ஒவ்வொரு முறையும் இவற்றை மற்றவர்களோடு விவாதிக்க வேண்டியிருக்கும். 'ஆயுதம் இல்லாதவரைத் தாக்க மாட்டேன். என் கண்முன் யாரும் தாக்கவும் விடமாட்டேன்' என்பதில் விவாதத்துக்கு இடம் குறைவு. 'உதவி கேட்டு வந்தவரை ஓர் இரவாவது என் காவலில் வைத்திருப்பேன்' என்பது இன்னும் நல்லது, ஏனெனில் அது காட்சிகளைப் பிறப்பிக்கும். துரத்தப்படும் கொள்ளைக்காரன் ஒருவன் ஓடிவந்து காலில் விழுந்தால் அந்த இரவு எப்படிக் கழியும்?

1983இல் வெளிவந்த பல்லேடியம் ஃபேண்டஸி விளையாட்டு இந்த வழியில்தான் அலைன்மென்ட்டை அமைத்தது. பிரின்சிபில்டு (கொள்கைப் பிடிப்புள்ளவர்), ஸ்குரூபுலஸ் (மனச்சாட்சிக்கு அஞ்சுபவர்) தொடங்கி டயபாலிக் (கொடியவர்) வரை பெயர்கள் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் செய்வார், செய்யமாட்டார் என்று வெளிப்படையான பட்டியலைக் கொடுத்தது. பொய் சொல்வாரா, ஆயுதமற்ற எதிரியைக் கொல்வாரா, கொடுத்த வாக்கைக் காப்பாரா என்பதெல்லாம் அதில் நேரடியாகவே இருக்கும். ஒன்பது கட்ட முறையில் ஆடுகிறவர்களும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கலாம்.

சத்தியத்தில் இரண்டு அல்லது மூன்று விதிகள் போதும். அதில் ஒன்றாவது உங்களைச் செயலுக்குத் தள்ளுவதாக இருக்கட்டும். 'செய்ய மாட்டேன்' என்று மட்டும் எழுதப்பட்ட சத்தியம் உங்களை ஆட்டத்தின் பார்வையாளராக்கிவிடும்.

அடுத்து, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இழப்புக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். எல்லாக் குழுக்களிலும் வருகிற ஒரு சூழல்: காப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் கூட்டத்தோடு சண்டை, ஒருவன் மட்டும் ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைகிறான். விட்டுவிட்டால் ஓடிப்போய் மற்றவர்களை எச்சரிப்பான். திருடர் கதாபாத்திரம் கத்தியை எடுக்கிறது. பாலடின் குறுக்கே வருகிறார்.

இந்த இடத்தில் பாலடினை ஆடுபவர் சொல்லக்கூடியவை இரண்டு. 'அவனைக் கொன்றால் உங்களோடு சண்டை போடுவேன்' என்பது ஒன்று. தன் சத்தியத்தின் சுமையை மற்றவர்கள் தலையில் ஏற்றும் பேச்சு அது. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். 'அவனைக் கட்டி நானே தோளில் சுமந்து வருகிறேன். வேகம் குறையும், அதனால் நான் கடைசியில் வருகிறேன். இரவில் அவனுக்குக் காவல் நானே. என் ஓய்வு போனால் போகட்டும்' என்பது இன்னொன்று. சத்தியம் காப்பாற்றப்பட்டது. இழப்பு பாலடினுடையது. மற்றவர்களுக்குச் சிறு தொந்தரவு மட்டுமே. இதற்குமேல் கட்டிவைத்த காப்ளின் வழியில் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினால், ஒரு கத்திக் குத்தோடு முடிந்திருக்க வேண்டிய காட்சி பல நாள் ஆட்டத்துக்குத் துணைக் கதாபாத்திரத்தைத் தந்துவிடுகிறது.

1978 பதிப்பின் பாலடினுக்கு இருந்த வேறு சில விதிகளையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானமாகக் கொடுக்க வேண்டும். பத்து மந்திரப் பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுமே பாலடினின் சொந்த மடியில் கை வைக்கும் விதிகள். பங்கு பிரிக்கும்போது தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் தோழரைக் குழுவில் யாரும் வெறுப்பதில்லை. ஆனால் பழைய பதிப்புகளில் தீயவர்களோடு பாலடின் கூட்டுச் சேரக் கூடாது என்ற விதியும் இருந்தது. அது மட்டும் மற்றவர்கள் என்ன கதாபாத்திரம் ஆடலாம் என்பதையே கட்டுப்படுத்தியது. பாலடின் என்றாலே பலர் முகம் சுளிப்பதற்கு அந்த ஒரு விதியே பெரும் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் விதிநூலில் அது இருந்தால், தளர்த்தலாமா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருமாகப் பேசுங்கள்.

டன்ஜன் மாஸ்டராக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். எந்தப் பக்கம் போனாலும் சத்தியம் உடையும் பொறியை வைத்துவிட்டு, உடைந்ததும் சக்தியைப் பறிக்காதீர்கள். கடினமான தேர்வு வையுங்கள், தப்பவே முடியாத தேர்வு வேண்டாம். ஆட்டக்காரர் எல்லை மீறப்போவதாகத் தோன்றினால் செயலுக்கு முன்பே சொல்லுங்கள்: "இது உன் சத்தியத்துக்கு எதிரானது என்று உன் கதாபாத்திரத்துக்குத் தெரியும். தெரிந்தே செய்கிறாயா?" பல ஆண்டுகள் அந்தச் சத்தியத்தோடு வாழ்ந்த கதாபாத்திரத்துக்குத் தெரிந்திருக்கக் கூடியதை, சத்தியத்தைச் சமீபத்தில் எழுதிய ஆட்டக்காரர் மறந்திருக்கலாம். நினைவூட்டிய பிறகும் 'ஆம்' என்று பதில் வந்தால், அதன் பிறகு வரும் விளைவு யாரையும் புண்படுத்தாது.

ஆறாம் படி: தொடங்கும் முன் கூடிப் பேசுங்கள்

பகடை உருட்டும் முன்பு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கதாபாத்திரங்களை உருவாக்கும் கூட்டத்தை செஷன் ஜீரோ என்பார்கள். ஒவ்வொருவரும் தம் மூன்று வாக்கியங்களை அங்கே உரக்கப் படிக்கட்டும். எந்த இரண்டு கதாபாத்திரங்கள் மோதும் என்பது அப்போதே தெரிந்துவிடும். மோதல் இருப்பது நல்லதுதான். அந்த மோதலை இருவரும் விரும்புகிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'என் கதாபாத்திரம் அப்படித்தான் செய்யும்' என்ற வாக்கியம் எங்கே ஒலித்தாலும் கவனமாக இருங்கள். கதாபாத்திரத்தை எழுதியவர் நீங்கள். அதே கோபக்காரக் கதாபாத்திரம் கத்தியை உருவுவதற்குப் பதில் கதவை அறைந்துவிட்டு வெளியே போகலாம். குணமும் மாறவில்லை, குழுவும் உடையவில்லை.

ஈவில் கதாபாத்திரம் ஆட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான், இரண்டு நிபந்தனைகளோடு. குழுவின் நோக்கம் உங்கள் கதாபாத்திரத்துக்கும் உண்மையிலேயே தேவையானதாக இருக்க வேண்டும். குழுவில் ஒருவரிடமாவது அதற்கு மெய்யான பற்று இருக்க வேண்டும். பேராசைக்காரர், பழிவாங்கத் துடிப்பவர், அதிகாரத்துக்காக எதையும் செய்பவர் ஆகியோர் கூட்டத்தோடு நெடுந்தூரம் வருவார்கள். கொல்வதற்காகவே கொல்பவர் வர மாட்டார்.

சித்திரவதை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை போன்றவற்றில் எதைக் காட்டவே கூடாது, எதைக் காட்டாமல் நடந்ததாகச் சொல்லிக் கடக்கலாம் என்பதையும் இதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். இந்த எல்லைகள் கதாபாத்திரங்களுக்கு அல்ல, ஆடும் மனிதர்களுக்கு. இவற்றுக்கு எந்த அலைன்மென்ட்டும் விலக்குத் தராது.

ஆர்க், காப்ளின் போன்ற அரக்க இனத்தவர்கள் பிறவியிலேயே தீயவர்களா என்ற கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடலாம். அரக்கர்களைப் பட்டியலிடும் நூலான 2014இன் மான்ஸ்டர் மேனுவல், தான் குறிப்பிடும் அலைன்மென்ட் ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே, டன்ஜன் மாஸ்டர் மாற்றிக்கொள்ளலாம் என்றே சொல்கிறது. உங்கள் உலகத்தில் விடை எது என்று தெரியாமல், மேலே சொன்ன காப்ளின் கைதியைப் பற்றி யாரும் நியாயமாக முடிவெடுக்க முடியாது.

அலைன்மென்ட் வேண்டாம் என்றால்

ஒன்பது கட்டங்கள் உங்கள் குழுவுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. 1985இல் கிரெக் ஸ்டாஃபர்ட் உருவாக்கிய பெண்ட்ராகன் விளையாட்டில் கருணை–கொடுமை, வீரம்–கோழைத்தனம் என்பது போன்ற 13 குண இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகை 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சோதனையான நேரத்தில் 20 பக்கப் பகடையை உருட்டி உங்கள் வீரர் தன் குணத்துக்கு அடிமையாகிறாரா என்று பார்ப்பீர்கள். தன் கதாபாத்திரமே தன்னை வியக்கவைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது.

2012இல் வந்த டன்ஜன் வேர்ல்டில் அலைன்மென்ட் ஒரு செயலோடு கட்டப்பட்டிருக்கிறது. பிறரைக் குணப்படுத்தத் தன்னை ஆபத்துக்கு உள்ளாக்குவது என்பது போன்ற ஒன்றைச் செய்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். செய்யாவிட்டால் தண்டனை இல்லை. புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பாத்ஃபைண்டர் ரீமாஸ்டர் நூல்களில், அலைன்மென்ட் இருந்த இடத்தில் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று இரண்டு சிறு பட்டியல்கள் இருக்கின்றன. ஐந்தாம் படியில் சொன்னபடி சத்தியம் எழுதுகிறவர்கள் கிட்டத்தட்ட அதையே செய்கிறார்கள்.

ஏழாம் படி: மாறினால் மாறட்டும், ஆனால் கணக்கோடு மாறட்டும்

சில வாரங்கள் ஆடிய பிறகு கதாபாத்திரம் எழுதியபடி இல்லாமல் வேறாக நடப்பது இயல்பு. லாஃபுல் என்று எழுதியவர் மூன்று நகரங்களில் மூன்று முறை வாக்கை உடைத்திருந்தால், எழுதியது பொய், நடந்தது மெய். கட்டத்தை அழித்து எழுதுங்கள். இதைத் தண்டனையாக நினைக்க வேண்டியதில்லை; ஒரே ஒரு செயலுக்காக மாற்றவும் வேண்டியதில்லை.

சத்தியம் உடைவது வேறு கதை. 1978 பதிப்பு இதில் கடுமையாக இருந்தது. பாலடின் தெரிந்தே ஒழுங்குக்கு மாறான செயலைச் செய்தால், குறைந்தது ஏழாம் நிலையில் இருக்கும் லாஃபுல் குட் கிளெரிக் ஒருவரைத் தேடிப்போய்த் தவற்றை ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே தீய செயலைச் செய்தால் பாலடின் என்ற தகுதி அப்போதே போய்விடும், திரும்பவே வராது. ஐந்தாம் பதிப்பு உடைந்த சத்தியத்தின் பின்னும் ஆட்டம் தொடர வழி வைத்திருக்கிறது. மனம் வருந்தியவர் பரிகாரம் தேடலாம். வருந்தாமல் இருளின் பக்கம் போனவருக்கு ஓத்பிரேக்கர் (சத்தியத்தை உடைத்தவர்) என்ற தனிப் பாதையே 2014இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கிறது.

பரிகாரத்தை ஆட எனக்குப் பிடித்த விதி மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அட்டோன்மென்ட் என்ற மந்திரத்தால் வீழ்ந்தவரின் சக்தியைத் திரும்பக் கொடுக்கலாம். அறியாமலோ வற்புறுத்தலாலோ செய்த தவறு என்றால் மந்திரம் செய்பவருக்கு இழப்பு இல்லை. ஆனால் வீழ்ந்தவர் தெரிந்தே செய்த தவறு என்றால், மந்திரத்தைச் செய்யும் கிளெரிக் தன் அனுபவப் புள்ளிகளில் 500ஐ இழக்க வேண்டும். அதனால் அவர் முதலில் ஒரு கடினமான பணியைக் கொடுத்து, மனம் திருந்தியிருக்கிறதா என்று சோதிக்கலாம்.

உங்கள் குழுவில் கிளெரிக் இருந்தால் இந்தக் காட்சியை வெளியாளிடம் கொடுத்துவிடாதீர்கள். வீழ்ந்த பாலடின் தன் தோழரிடமே போய்க் கேட்கட்டும். தோழர் உடனே சம்மதிக்க வேண்டியதில்லை. என்ன பணி கொடுப்பது, எப்போது மன்னிப்பது என்பதைக் கிளெரிக்கை ஆடுபவரே முடிவு செய்யட்டும். டன்ஜன் மாஸ்டர் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கட்டும். உங்கள் பதிப்பில் 500 புள்ளி இழப்பு இல்லையென்றால், கிளெரிக் அதற்கு ஈடாக வேறெதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.